ஆன் நேரமும் ஆஃப் நேரமும்: பார்க்கின்சனோடு ஒரு நாளை ஓட்டும் முறை

காலை 8 மணிக்குச் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுகிற அதே விரல்கள், 9 மணிக்குச் செய்தித்தாளை நாலாக மடித்து மேசையில் வைக்கும். பதினொன்றரைக்குப் பேனாவைப் பிடித்தால் எழுத்து எறும்பு வரிசையாகச் சுருங்கிப்போகும். பக்கத்தில் இருப்பவருக்கு எரிச்சல் வருவது இயல்பு. "இப்பத்தானே நல்லா நடந்தீங்க, அதுக்குள்ள என்ன ஆச்சு?" நடிக்கிறாரோ, சோம்பல்படுகிறாரோ என்றுகூடத் தோன்றும். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. மாத்திரை ஏறுகிறது, இறங்குகிறது, அவ்வளவுதான்.

பார்க்கின்சன் என்றாலே உடற்பயிற்சிக்கு ஒரு அறிவுரை, மருந்துக்கு ஒரு அறிவுரை, குடும்பத்துக்கு ஒரு அறிவுரை என்று தனித்தனியாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். வீட்டில் வந்து பார்த்தால் மூன்றும் ஒரே கடிகாரத்தில்தான் ஓடுகின்றன. அந்தக் கடிகாரத்தைப் பார்க்கத் தெரியாமல் நடைப்பயிற்சிக்குக் கிளம்பினால் பாதி வழியில் கால் நின்றுபோகும். மருத்துவரிடம் போனால் குறைக்க வேண்டிய மருந்தைக் கூட்டிக்கொண்டு திரும்புவோம். கூட இருப்பவரோ, தானாகச் செய்ய முடிகிற நேரத்தில் ஊட்டிவிட்டு, கை கொடுக்க வேண்டிய நேரத்தில் கோபப்படுவார்.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நடுமூளையில், அசைவுக்கான செய்தியைக் கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளைத் தயாரிக்கும் செல்கள் படிப்படியாக அழிவதுதான் அசைவுச் சிக்கல்களுக்கு மூலம். மாத்திரையில் இருக்கும் முக்கிய மருந்தான லெவோடோபா மூளைக்குள் போய் டோபமினாக மாறுகிறது. கூடவே இருக்கும் கார்பிடோபா, அது வழியிலேயே மாறிவிடாமல் காவல் காக்கிறது. அப்படிக் காவல் இருந்தும், ரத்தத்தில் லெவோடோபாவின் அளவு சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். முதல் சில ஆண்டுகள் இது உறைக்காது. மிச்சமிருக்கும் செல்கள் டோபமினைத் தேக்கிவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். நாளைக்கு 3 வேளை மாத்திரையில் நாள் முழுவதும் சமமாகப் போகும். செல்கள் குறையக் குறையத் தேக்கிவைக்க இடம் இல்லாமல் போகிறது. அப்புறம் ரத்தத்தில் மருந்து ஏறினால் உடம்பு ஓடும், இறங்கினால் நிற்கும். ஏறிய நேரத்துக்கு ஆன், இறங்கிய நேரத்துக்கு ஆஃப் என்று பெயர். "மாத்திரை முன்ன மாதிரி கேக்கல" என்று பலர் சொல்வது இதைத்தான். மாத்திரை கேட்கிறது, ஆனால் அடுத்த வேளை வரை தாங்குவதில்லை.

மூன்று நாள் எழுதிப் பாருங்கள்

மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய வாரத்தில் 3 நாள் போதும். ஒரு தாளில் காலை விழித்ததிலிருந்து அரை மணிக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் நாலில் ஒன்றை எழுத வேண்டும்: தூக்கம், ஆஃப், ஆன், தொந்தரவு தரும் துள்ளலோடு ஆன். மாத்திரை போட்ட நிமிடத்தையும் சாப்பிட்ட நேரத்தையும் ஓரத்தில் குறித்துவிடுங்கள். நாள் முடிந்து இரவில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து நிரப்பினால் பயனில்லை. கெட்ட நேரம் மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கும்.

இதில் நிறையப் பேர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. நடுக்கத்தையும் துள்ளலையும் ஒன்றாக எழுதிவிடுவார்கள். நடுக்கம் என்பது தாளம் தவறாத ஆட்டம், நொடிக்கு 4 முதல் 6 முறை. கை மடியில் சும்மா இருக்கும்போது ஆடும், எதையாவது எடுக்கப் போனால் பெரும்பாலும் அடங்கும். மருந்து இறங்கியதன் அடையாளம் அது. துள்ளலுக்குத் தாளம் கிடையாது. தோளும் கழுத்தும் இடுப்பும் நெளியும், நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆடுவதுபோல் இருக்கும். டிஸ்கைனீசியா என்று மருத்துவர்கள் சொல்வது இதுதான். பெரும்பாலும் மருந்து உச்சத்தில் இருக்கும்போது வரும். சிலருக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும், அதிகமாகக் கால்களில் வரும். "கை கால் ரொம்ப ஆடுது டாக்டர்" என்று மொட்டையாகச் சொன்னால், ஒன்றுக்கு மருந்தைக் கூட்ட வேண்டும், மற்றதற்குக் குறைக்க வேண்டும் என்ற வேறுபாடு அங்கேயே தொலைந்துபோகிறது.

சொல்லத் தெரியாவிட்டால் போனில் படம் பிடியுங்கள். 30 நொடி போதும்: கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் 10 முறை அகலமாகத் திறந்து மூடுவது, கையூன்றாமல் எழுந்திருப்பது, சில அடி நடந்து திரும்பி வருவது. ஒன்று ஆஃபில், ஒன்று ஆனில். மருத்துவர் அறைக்குள் போகிற அந்தப் பத்து நிமிடத்தில் எல்லோரும் ஏனோ நன்றாகத்தான் நடப்பார்கள்.

வயிறுதான் வாசல்

லெவோடோபா இரைப்பையில் உறிஞ்சப்படுவதில்லை, சிறுகுடலின் தொடக்கத்தில்தான் உறிஞ்சப்படும். ஆகவே வயிறு நிரம்பியிருந்தால் மாத்திரை அங்கேயே காத்துக்கிடக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், அல்லது சாப்பிட்டு ஒன்று, ஒன்றரை மணி கழித்து, நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கவும் வாய்ப்புண்டு.

இன்னொரு தடை புரதம். புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலும், பிறகு மூளையின் வாசலிலும் ஒரே கதவு வழியாகத்தான் நுழைய வேண்டும். கூட்டம் அதிகமானால் மருந்து வெளியே நிற்கும். மதியம் பருப்பும் முட்டையும் இறைச்சியுமாகச் சாப்பிட்ட நாட்களில் மட்டும் 2 மணி மாத்திரை வேலை செய்யவில்லை என்றால் சந்தேகத்தை இங்கே திருப்புங்கள். அதற்காகப் புரதத்தை நிறுத்தவே கூடாது. எடையும் தசையும் கரைந்தால் வேறு தொல்லை வந்து சேரும். நாளுக்கு வேண்டிய புரதத்தின் பெரும்பகுதியை இரவு உணவுக்குத் தள்ளுவது ஒரு வழி. ஆரம்ப நிலையில், நாள் சமமாகப் போய்க்கொண்டிருக்கும்போது இந்தக் கெடுபிடி எதுவும் தேவையில்லை. இரும்புச் சத்து மாத்திரை லெவோடோபாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே 2 மணி நேரமாவது விடுங்கள்.

மலச்சிக்கலைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். குடல் மந்தமானால் மாத்திரை வந்து சேர்வதும் தாமதமாகும். "திடீர்னு மருந்து கேக்கல" என்று வருகிறவர்களில் 4 நாளாக மலம் கழியாதவர்கள் இருக்கிறார்கள். மருந்தைக் கூட்டும் முன் தண்ணீர், நார்ச்சத்து, தேவையானால் மலமிளக்கி என்று இதைச் சரி செய்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

தொடக்கத்தில் குமட்டல் வந்தால், பெட்டியில் கார்பிடோபாவின் அளவைப் பாருங்கள். அது காவல் வேலையை ஒழுங்காகச் செய்ய நாளைக்கு 70 முதல் 100 மி.கி. வேண்டும். 10/100 மாத்திரை (முதல் எண் கார்பிடோபா, அடுத்தது லெவோடோபா) 3 வேளை என்றால் 30 மி.கி.தான் ஆகிறது, 25/100 என்றால் 75. லெவோடோபா அதே 300 மி.கி., ஆனால் வயிறு படுத்தும் பாடு வேறு. இந்த மாற்றத்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கலாம். முதல் சில வாரங்களுக்குப் புரதம் குறைந்த பிஸ்கட் ஒன்றிரண்டோடு போட்டுக்கொண்டாலும் குற்றமில்லை. வாந்திக்கு என்று கடையில் வாங்கும் மெடோகுளோபிரமைடை மட்டும் தொடவே கூடாது. அது மூளைக்குள் புகுந்து டோபமினின் இடத்தை அடைத்துவிடும். புரோகுளோர்பெரசினும் அதே இனம். டோம்பெரிடோன் பொதுவாக மூளைக்குள் போகாது என்பதால் கொடுப்பார்கள். இதயத் துடிப்பில் கோளாறு இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். தலைசுற்றலுக்கு எழுதப்படும் சினாரிசின், ஃப்ளூனாரிசின், மனக் குழப்பத்துக்குப் போடப்படும் ஹாலோபெரிடால் ஆகியவையும் கூடாதவை. கூடாத மருந்துகளை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். பல் வைத்தியரோ கண் வைத்தியரோ புதிதாக எதையாவது எழுதும்போது அந்தச் சீட்டை நீட்டினால் போதும்.

மருந்தை மாற்றும்போது

அடுத்த வேளைக்கு முன்பே மருந்து இறங்கிவிடுகிறது என்று குறிப்பில் தெரிந்தால் மருத்துவர் முன் பல வழிகள் இருக்கின்றன. நாளின் மொத்த அளவை அப்படியே வைத்து, வேளைகளைக் கூட்டி இடைவெளியைக் குறைக்கலாம். 3 வேளை 4 ஆகும், 5 ஆகும். ஒவ்வொரு லெவோடோபாவோடும் 200 மி.கி. என்டகபோன் சேர்த்தால் அதே மாத்திரை இன்னும் சிறிது நேரம் தாங்கும். சிறுநீர் ஆரஞ்சு, பழுப்பு நிறமாகும். ரத்தம் என்று அலற வேண்டாம். சில வாரங்கள், மாதங்கள் கழித்து வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டால் அது இதன் வேலையாக இருக்கலாம். துள்ளல் கூடினால் லெவோடோபாவைக் கொஞ்சம் குறைப்பார்கள். ராசாஜிலின் போன்றவை டோபமின் சிதைவதைத் தாமதப்படுத்தும், நாளைக்கு ஒரு முறை. அதைச் சாப்பிடுகிறவர்கள் வலிக்கு டிராமடாலும், இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த சிரப்பும் எடுக்கக் கூடாது. துள்ளலுக்கு அமன்டடின் உதவும். மாலைக்கு மேல் போட்டால் தூக்கம் போகும், தொடையில் வலைபோல் ஊதாக் கோடுகள் தெரியலாம். நடுக்கத்துக்குக் கொடுக்கும் டிரைஹெக்ஸிஃபெனிடில் வயதானவர்களின் ஞாபகத்தைக் குழப்பும், சிறுநீரை அடைக்கும். பழைய சீட்டில் இருப்பதால் மட்டும் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது என்றால், இன்னும் தேவையா என்று கேட்பது நியாயமான கேள்வி.

மூளையில் டோபமின்போலவே வேலை செய்யும் மருந்துகளான பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் இரண்டுக்கும் தனிப் பத்தி வேண்டும். கணவனோ மனைவியோ கண் வைத்திருக்க வேண்டிய மருந்துகள் இவை. சிலருக்குச் சூதாட்டம், கட்டுப்பாடில்லாமல் பொருள் வாங்குவது, பெருந்தீனி, பாலுணர்வு மிகுவது, ஒரே பொருளைப் பிரித்து அடுக்கிப் பிரித்து அடுக்குவது என்று தலைகாட்டும். மருந்து செய்கிற வேலை என்று அவருக்குத் தெரியாது; தெரிந்தாலும் வெட்கத்தில் சொல்லமாட்டார். மருந்து தொடங்கும் நாளிலேயே இரண்டு பேரும் இதைப் பேசி வைத்துக்கொண்டால், பின்னால் அது ஒழுக்கப் பிரச்சினையாக வெடிக்காமல் மருந்துப் பிரச்சினையாகவே தீரும். திடீரென்று தூக்கம் சொக்குவதும் உண்டு, அது தெளியும்வரை வண்டி ஓட்ட வேண்டாம். நிறுத்துவதாக இருந்தாலும் படிப்படியாகத்தான். சட்டென்று நிறுத்தினால் பதற்றமும் வியர்வையும் மனச்சோர்வுமாகப் படுத்தி எடுக்கும்.

லெவோடோபாவைத் திடீரென நிறுத்துவது அதைவிட மோசம். கடும் விறைப்பும் காய்ச்சலுமாக உயிருக்கே ஆபத்தாகும். ஒரு வேளை மறந்துபோனால் ஞாபகம் வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதையே போட்டால் போதும். இரட்டிப்பாக வேண்டாம். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை நசுக்கவோ மெல்லவோ கூடாது, அதை உடனே ஆன் ஆக்கும் மருந்தாகவும் நம்பக் கூடாது.

எந்த மாற்றமானாலும் ஒரு சமயத்தில் ஒன்று. மாற்றிய தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். இரண்டு மருந்தை ஒன்றாக மாற்றிவிட்டு மனப்பிரமை வந்தால் எதைக் குற்றம் சொல்வது?

பயிற்சிக்கு எந்த நேரம், எவ்வளவு

மாத்திரை ஏறிய பிறகுதான். குறிப்பேடு உங்கள் ஆன் எப்போது தொடங்குகிறது என்று சொல்லும். பலருக்கு விழுங்கி 45 நிமிடம், ஒரு மணி நேரம். ஆஃபில் பயிற்சி செய்தால் உடம்பு சின்ன அசைவையே பழகிக்கொள்ளும், விழும் வாய்ப்பும் கூடும்.

வாரத்துக்கு 150 நிமிடம் என்பது 2021-இல் பார்க்கின்சன் ஃபவுண்டேஷனும் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை: மூச்சு வாங்கும் பயிற்சி வாரம் 3 நாள், தசை வலுப்பயிற்சி 2, 3 நாள், சமநிலைப் பயிற்சி 2, 3 நாள், நீட்டிப்பு அதற்கும் கொஞ்சம் கூடுதலாக. தீவிரம் முக்கியமா என்று கேட்டால், முக்கியம். 2018-இல் வெளியான ஸ்பார்க்ஸ் ஆய்வில் இன்னும் மருந்து தொடங்காத 128 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். டிரெட்மில்லில் உச்சத் துடிப்பின் 80 முதல் 85 சதவீதத்தில் ஓடியவர்களின் அசைவு மதிப்பெண் 6 மாதம் கழித்தும் ஏறக்குறைய அதே இடத்தில் இருந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்த குழு சுமார் 3 புள்ளி மோசமாகியிருந்தது. செல் அழிவது நின்றுவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. மறுபக்கம், வாரம் 4 நாள் என்று சொல்லியும் அவர்கள் சராசரியாக வந்தது 3 நாளுக்கும் சற்றுக் குறைவு. ஆக, ஒரு நாள் தவறினால் குற்ற உணர்ச்சி வேண்டாம். அடுத்த ஆண்டு வெளியான நெதர்லாந்து ஆய்வில், வீட்டிலேயே நிலைச் சைக்கிளில் வாரம் 3 முறை 30 முதல் 45 நிமிடம் மிதித்தவர்கள், நீட்டிப்பு மட்டும் செய்தவர்களைவிட ஆஃப் நேர அசைவு மதிப்பெண்ணில் சுமார் 4 புள்ளி நல்ல நிலையில் இருந்தார்கள்.

துடிப்புக் கணக்கு: 220-இலிருந்து வயதைக் கழியுங்கள். 65 வயதென்றால் 155. அதில் 80 சதவீதம் 124. ஆனால் இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது, பார்க்கின்சனே சிலருக்குத் துடிப்பை ஏறவிடாது. அவர்களுக்கு இந்தக் கணக்கு பொய் சொல்லும். பேச்சை வைத்துப் பாருங்கள்: சில சொற்கள் பேச முடிகிறது, முழு வாக்கியம் முடியவில்லை என்றால் தீவிரம் சரி. பாட்டே பாட முடிகிறதென்றால் உலாவிக்கொண்டிருக்கிறீர்கள். இதய நோய் இருந்தால் முதலில் பரிசோதனை. 10 நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்குச் சில நிமிடமாகக் கூட்டலாம். டிரெட்மில்லில் பாதுகாப்புக் கயிற்றைச் சட்டையில் மாட்டாமல் ஏற வேண்டாம்.

வேகத்தைவிட அளவு பெரிது. பார்க்கின்சனில் மூளையின் அளவுகோலே சுருங்கிவிடுகிறது. அரை அடி எடுத்து வைத்துவிட்டு முழு அடி வைத்ததாகவே அவருக்குத் தோன்றும். முணுமுணுப்பாகப் பேசிவிட்டுச் சத்தமாகப் பேசியதாக நினைப்பார். ஆகையால் "இது ரொம்ப ஓவர்" என்று அவருக்கே கூச்சமாகப் படும் அளவுதான் சரியான அளவு. இந்த எண்ணத்தில் உருவானதுதான் பிக் (ஆங்கிலத்தில் ‘பெரிது’) பயிற்சி: வாரம் 4 நாள், 4 வாரம், மொத்தம் 16 அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். பயிற்றுநர் கிடைக்காவிட்டாலும் கொள்கையை எடுத்துக்கொள்ளலாம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, விரல்களை விசிறியாக விரித்து, தரையைத் தொட்டு எழுந்து, கூரையை எட்டி, இரு பக்கமும் விரித்து 10 நொடி நிறுத்துங்கள். 8 முறை.

நாற்காலியிலிருந்து எழுவது தனிப் பயிற்சி. பெரும்பாலோர் பின்னால் சாய்ந்தபடியே எழப் பார்ப்பார்கள், தொப்பென்று மறுபடி விழுவார்கள். முதலில் இடுப்பை நுனிக்கு நகர்த்துங்கள். பாதங்களை முழங்காலுக்குப் பின்னால் இழுங்கள், அவற்றுக்கிடையே தோள் அகலம் இருக்கட்டும். மூக்கு கால்விரலைத் தாண்டும்வரை முன்னால் குனியுங்கள். விழுந்துவிடுவோமோ என்று பயம் வரும், அந்த இடம்தான் சரி. அங்கிருந்து தரையை உதைத்து மேலே. நின்று நெஞ்சை விரித்து ஒரு மூச்சு, பிறகு அவசரமில்லாமல் உட்காருங்கள். 10 முறை, இடைவெளி, மறுபடி 10. எளிதானதும் கையை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள். முடியவில்லையா, உயரமான நாற்காலியில் தொடங்குங்கள். வலுப்பயிற்சியில் தொடை, பின்புறம், முதுகு ஆகிய நிமிர்த்தும் தசைகளுக்கு முதலிடம். உடம்பு முன்பக்கம் வளையப் பார்க்கிற நோய் இது.

சமநிலைக்கு, மெதுவான அசைவுகள் கொண்ட சீனப் பயிற்சியான தாய்ச்சி நல்லது. 2012-இல் 195 பேரிடம் செய்த ஆய்வில் வாரம் 2 முறை, ஒரு மணி நேரம், 24 வாரம் செய்தவர்கள் விழுந்தது குறைந்தது.

கால் தரையில் ஒட்டிக்கொள்ளும்போது, அதாவது கதவு நிலையிலோ திரும்பும் இடத்திலோ, முன்னால் தள்ளப் பார்த்தால் மேல்பாதி போகும், பாதம் நிற்கும், குப்புற விழுவார். முயற்சியை விட்டுவிட்டு நிற்க வேண்டும். நிமிர வேண்டும். எடையை இடம், வலம், இடம் என்று இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும். பிறகு ஒரு காலைத் தேர்ந்து, கோட்டைத் தாண்டுவதுபோல் பெரிய அடி. அடிக்கடி நிற்கிற இடத்தில், அவருடைய நல்ல நேரத்துக் காலடி நீளத்தை இடைவெளியாக விட்டு நிறமுள்ள டேப் பட்டைகளை ஒட்டினால் கண் காலை இழுத்துக்கொண்டு போகும். தாளக் கருவியும் உதவும். சிலருக்குக் கோடு, சிலருக்குத் தாளம், இரண்டையும் பார்த்துவிட்டு வேலை செய்வதை வைத்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்தில் சுழலக் கூடாது. சைக்கிள் திரும்புவதுபோல் அகல வளைவாகத் திரும்ப வேண்டும்.

எழுந்ததும் கண் இருண்டால் பிபியைப் படுத்து 5 நிமிடம் கழித்து ஒரு முறை, எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதுவே விழுவதற்குக் காரணமாக இருக்கலாம். பத்து வருடத்துக்கு முன் தொடங்கிய ரத்தக்கொதிப்பு மாத்திரை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பார்க்கின்சனும் அதன் மருந்துகளும் அழுத்தத்தைத் தாமாகவே இறக்குவதால் அது இப்போது அதிகமாகியிருக்கலாம். மருத்துவரிடம் இந்த மூன்று எண்களையும் காட்டுங்கள். எழுவதற்கு முன் அரை லிட்டர் தண்ணீரை மளமளவென்று குடிப்பது தற்காலிகமாகத் தாங்கும், இதயமோ சிறுநீரகமோ தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லாதவர்களுக்கு.

கூட இருப்பவருக்கு

கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் அவர் எடை முன்னால் போகும், கால் வராது. பக்கவாட்டில், அரை அடி பின்னால் நடங்கள். தேவையானால் இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கள். நடக்கும்போது கேள்வி கேட்காதீர்கள். நடையும் பேச்சும் ஒரே நேரத்தில் இந்த மூளைக்குச் சுமை. பதில் சொல்ல யோசிக்கிற நொடியில் கால் நிற்கும். கையில் தட்டைக் கொடுத்து நடக்கச் சொல்வதும் அப்படித்தான்.

சொல்லைக் குறையுங்கள். "முதுகை நிமிர்த்துங்க, காலைத் தூக்குங்க, கையை ஆட்டுங்க, பார்த்து வாங்க" என்று நாலு கட்டளை ஒன்றாகப் போனால் ஒன்றும் நடக்காது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஒரு சொல்லை முடிவு செய்யுங்கள். "பெரிசா" என்றால் அடி பெரிதாக, போதும். மூன்றாம் மனிதர் முன்னால் சொன்னாலும் அவமானமாகப் படாத சொல்லாக இருக்கட்டும்.

முகத்தில் தசை அசையாததால் சிரிப்பும் கோபமும் ஒரே மாதிரி தெரியும். "எதுவும் பிடிக்கல போல" என்று முகத்தை வைத்து முடிவு செய்யாமல் கேட்டுவிடுங்கள். எதிலும் நாட்டமில்லாமல் உட்கார்ந்திருப்பதும் சோம்பல் இல்லை. சிலருக்கு அது நோயின் பகுதி, சிலருக்கு மருந்தால் தீரக்கூடிய மனச்சோர்வு. எது என்று மருத்துவர் பிரித்துச் சொல்வார். இல்லாத ஆட்களைப் பார்ப்பதாகச் சொன்னால் வாதாடாதீர்கள். விளக்கைப் போடுங்கள், பயமாக இருக்கிறதா என்று கேளுங்கள், மறுநாளே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஓரிரு நாளில் திடீரென்று எல்லாமே மோசமானால் நோய் முற்றிவிட்டது என்று எண்ணும் முன் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், தண்ணீர்ச் சத்துக் குறைவு, புது மருந்து, தவறிய வேளை ஆகியவற்றைத் தேட வேண்டும். இந்த நோய் நாட்கணக்கில் முற்றுவதில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால் அங்கே மாத்திரை வார்டின் நேரப்படி வரும், உங்கள் நேரப்படி வராது. மருந்தின் பெயர், மி.கி., நிமிடம் வரை நேரம், கூடவே கூடாத மருந்துகள் எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். வீட்டு மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள். அறுவைக்கு முன் பட்டினி என்றால், ஒரு வாய்த் தண்ணீரோடு மாத்திரை கொடுக்கலாமா என்று மயக்க மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆன் நேரத்தை என்ன செய்வது என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. நாளில் கிடைக்கிற நல்ல மணிகளையெல்லாம் குளியல், பயிற்சி, லேப், வங்கி என்று வேலைக்கே கொடுத்துவிட்டால், அந்த இரண்டு பேரும் சேர்ந்து இருப்பதே ஆஃப் நேரத்தில்தான் என்றாகிவிடும். வாரத்தில் இரண்டு ஆன் நேரமாவது உருப்படியாக எதுவும் செய்யாமல் போகட்டும். அதேபோல், வாரத்தில் அரை நாள் வேறொருவர் பார்த்துக்கொள்ள, கூட இருப்பவர் வெளியே போக வேண்டும். இரவுத் தூக்கம் கெட்டுப்போனவருக்கு இது சொகுசு ஆகாது.

இரவு என்றதும் ஒன்று. கனவில் நடப்பதையெல்லாம் உடம்பால் செய்துகாட்டி, உதைத்து, குத்தி, கட்டிலிலிருந்து விழுகிறவர்கள் உண்டு. நோயின் பகுதிதான், பல ஆண்டுகள் முன்பே தொடங்கியிருக்கும். கட்டிலைத் தாழ்த்துங்கள், பக்கத்தில் மெத்தை போடுங்கள், மேசை முனையை நகர்த்துங்கள், தேவையானால் தனிப் படுக்கை. இதற்கு மருந்தும் உண்டு, கேளுங்கள். புரண்டு படுக்க முடியாதவருக்கு இடுப்புப் பகுதியில் மட்டும் வழுவழுப்பான துணி விரித்தால் சுலபம்: முழங்காலை மடக்கி, தலையைத் திருப்பி, கையை எட்டி, முழங்காலைச் சாய்த்தால் உடம்பு பின்னாலேயே வரும்.

விடியற்காலையில் கால்விரல்கள் உள்ளே சுருண்டு, பாதம் முறுக்கி வலிக்கிறதென்றால் இரவு மருந்து முழுதும் இறங்கிவிட்டது என்று பொருள். முதல் வேளை மாத்திரையையும் மூடிய தண்ணீரையும் கட்டிலுக்குப் பக்கத்தில் முந்தைய இரவே எடுத்து வையுங்கள். எழ வேண்டிய நேரத்துக்கு முக்கால் மணி முன்னால் அலாரம். அவரை உட்காரவைத்து, மாத்திரையைக் கொடுத்து, முழு டம்ளரும் காலியாகும்வரை இருந்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு நீங்கள் மறுபடி படுக்கலாம்.